கோவையும் சூழலும்: உட்பொதி மொழிகளில் மாறிகளின் ஆட்சி பற்றிய ஒரு நோக்கு

கணிதப் பாடநூலிலே ‘அ × ஆ + இ’ என எழுதப்பட்ட கோவை ஒன்றின் பெறுமானம் யாதென ஒரு மாணவன் வினவுவானாயின், ஆசிரியர் அவனுக்கு மறுவினா ஒன்றையே விடையாகத் தருவார். அ எவ்வளவு, ஆ எவ்வளவு, இ எவ்வளவு என்பதே அம்மறுவினா. கோவையிலுள்ள பெயர்கள் எவற்றைக் குறிக்கின்றன எனக் கூறும் பட்டியல் ஒன்று கிடைக்கும்போதே கோவை பெறுமானம் பெறுகின்றது. அப்பட்டியலையே இக்கட்டுரை ‘சூழல்’ என வழங்குகின்றது.

இவ்வுண்மை தமிழிலக்கணம் பயின்றோர்க்குப் புதியதன்று. அ, இ, உ என்னும் மூன்றினையும் தொல்காப்பியர் சுட்டு என வகுத்தார். ‘அவன் அதை எடுத்தான்’ என்னும் தொடர் இலக்கண வழு ஏதும் அற்றது. ஆயினும் எவன், எதை என்பது அத்தொடருக்கு வெளியே கிடக்கின்றது. யாழ்ப்பாணப் பேச்சு வழக்கில் இன்றும் நிலவும் ‘உது’ என்னும் சொல்லோ பேசுவோனும் கேட்போனும் நிற்கும் இடங்களை அறிந்தாலன்றி விளங்காது. கணனி மொழிகளில் மாறிகளும் இத்தகைய சுட்டுகளே எனலாம்.

கணனிச் செய்நிரல்களுள் சிறு மொழிகளைப் பொதிந்து வைக்கும் வழக்கம் பெருகியுள்ள இக்காலத்தில் இவ்வுண்மைக்குச் சமூக முக்கியத்துவம் ஒன்று ஏற்பட்டுள்ளது. கோவையை எழுதுபவரின் அதிகாரத்திலும் சூழலை அமைப்பவரின் அதிகாரம் பெரிது. அச்சூழல் கவனமின்றி அமைக்கப்படுமிடத்து, அதன் விளைவை அனுபவிப்போர் அச்செய்நிரலை ஒருபோதும் கண்டிராத பொதுமக்களே என்பதை எடுத்துக்காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1. உட்பொதி மொழி என்பது யாது?

நிறுவனமொன்றின் சம்பளக் கணக்கைச் செய்யும் பெருஞ் செய்நிரல் ஒன்றினை எடுத்துக்கொள்வோம். அதன் பெரும்பகுதி ஆண்டுக்கணக்கில் மாறாதிருக்கும். கொடுப்பனவு பற்றிய விதிகளோ அடிக்கடி மாறும். விதி மாறுந்தோறும் செய்நிரலைத் திருத்தி, மீளத் தொகுத்து, மீள நிறுவுதல் பெருஞ் செலவாகும். எனவே விதிகளை மட்டும் தனியே எழுதி வைப்பதற்கெனச் சிறுமொழி ஒன்று செய்நிரலினுள் அமைக்கப்படுகின்றது. ‘அடிப்படைச்சம்பளம் × வீதம் + வேலைநாள் × நாட்படி’ என்று கணக்காளர் ஒருவர் எழுதி வைத்தால், பெருஞ் செய்நிரல் அதனை வாசித்துப் பெறுமானம் காண்கின்றது. பெருஞ் செய்நிரலைத் தாய்நிரல் என்றும், சிறுமொழியை உட்பொதி மொழி என்றும் இங்கு வழங்குவோம்.

1979ஆம் ஆண்டில் வெளிவந்த விசிகல்க் என்னும் விரிதாள் செய்நிரலும், அதன் வழிவந்த எக்செல் முதலியனவும் இம்முறையினை அலுவலக மேசைகளுக்குக் கொண்டுசென்றன. விரிதாளின் கட்டமொன்றில் எழுதப்படும் சூத்திரம் ஒரு கோவை. ஏனைய கட்டங்கள் அதன் சூழல். ஜாவா மொழியில் அமைந்த தாய்நிரல்களுக்கென ஜெக்ஸ்ல், ஓ.ஜி.என்.எல். முதலிய கோவை மொழிகள் தோன்றின. சி மொழித் தாய்நிரல்களில் லூவா பெரிதும் வழங்குகின்றது.

மேற்காட்டிய சம்பளக் கோவையில் நான்கு பெயர்கள் உள்ளன. நான்கும் ஒரே தன்மையன அல்ல. அடிப்படைச்சம்பளமும் வேலைநாளும் ஊழியருக்கு ஊழியர் வேறுபடுவன. நாட்படி அனைவர்க்கும் பொதுவானது. ஆயின் ஆண்டுக்காண்டு மாறக்கூடியது. வீதம் என்பது பதவிநிலைக்கேற்ப அமைவது. கோவையை வாசிப்போர்க்கு இவ்வேறுபாடு புலப்படாது. சூழலை அமைப்பவரே எப்பெயர் எங்கிருந்து, எக்காலத்துப் பெறுமானத்தைப் பெறும் எனத் தீர்மானிக்கின்றார்.

2. சூழல் என்னும் கருத்தின் வரலாறு

மசாசுசெற்ஸ் தொழினுட்ப நிறுவனத்திலே 1958இல் லிஸ்ப் என்னும் மொழியினை ஆக்கத் தொடங்கிய ஜோன் மக்கார்த்தி, 1960இல் வெளியிட்ட கட்டுரையில், எக்கோவைக்கும் பெறுமானம் காணவல்ல ஒரு சார்பினை அம்மொழியிலேயே எழுதிக் காட்டினார். ‘இவால்’ எனப்பட்ட அச்சார்பு இரண்டு பொருள்களை வேண்டி நின்றது: ஒன்று, கோவை; மற்றையது, பெயர்களையும் அவற்றின் பெறுமானங்களையும் இணையிணையாகக் கொண்ட பட்டியல். சூழல் என்பது கணிப்பின் புறத்தேயுள்ள ஏதோவொன்றாகக் கருதப்படாமல், கோவைக்குச் சமமான உள்ளீடாகவே இங்கு இடம்பெற்றமை நோக்கற்பாலது.

ஆயினும் தொடக்ககால லிஸ்பில் வழு ஒன்று மறைந்திருந்தது. ஒரு சார்பினுள் விளக்கம் பெறாத பெயர் ஒன்று இருப்பின், அச்சார்பு எழுதப்பட்ட இடத்தை நோக்காது, அழைக்கப்பட்ட இடத்தில் அப்பெயருக்கு இருந்த பெறுமானத்தையே அது ஏற்றது. இதனை ஓர் உதாரணத்தால் விளக்கலாம். கடன் பகுதியில் ‘வட்டி’ என்னும் சார்பு ‘முதல் × வீதம்’ என எழுதப்பட்டுள்ளது. அங்கு வீதம் என்பது கடனுக்குரிய வட்டி வீதம். இச்சார்பு சம்பளப் பகுதிக்கு அனுப்பப்பட்டு அங்கு அழைக்கப்படுகின்றது. சம்பளப் பகுதியிலும் வீதம் என ஒரு மாறி உண்டு; அதுவோ வரவு வீதத்தைக் குறிப்பது. இந்நிலையில் வட்டியானது வரவு வீதத்தால் கணிக்கப்பட்டுவிடும். எச்சரிக்கை எதுவும் எழாது, எண்ணொன்று விடையாக வரும், அவ்வெண் பிழையானதாயிருக்கும்.

அல்கோல் 60 என்னும் மொழி, பெயரின் பொருளை அது எழுதப்பட்ட இடத்தாலேயே நிர்ணயித்தது. 1964இல் பீற்றர் லண்டின், கோவைகளைப் பொறிமுறையாற் பெறுமானங் காணல் பற்றி எழுதிய கட்டுரையில், கோவையையும் அதற்குரிய சூழலையும் ஒரே பொதியாகக் கட்டி, அதற்குக் ‘குளோசர்’ எனப் பெயரிட்டார். கோவை எங்கு அனுப்பப்பட்டாலும் தான் பிறந்த இடத்துச் சூழலைத் தன்னுடனேயே சுமந்து செல்லும் என்பது இதன் கருத்து. லிஸ்ப் மரபில் இக்கருத்தை முறையாக நிலைநாட்டியது 1975இல் சஸ்மனும் ஸ்ரீலும் ஆக்கிய ஸ்கீம் மொழியாகும்.

3. லூவா: மூன்றாம் உலகில் எழுந்த ஒரு மொழி

1977 முதல் 1992 வரை பிரேசில் நாடு, கணனிப் பொறிகளையும் மென்பொருள்களையும் தானே ஆக்கிக்கொள்ளுதல் வேண்டும் என்னும் தேசியக் கொள்கையால், அவற்றின் இறக்குமதிக்கு வலுவான தடைகளை விதித்திருந்தது. இத்தகைய சூழ்நிலையில், றியோ டி ஜெனீரோவிலுள்ள கத்தோலிக்கப் பல்கலைக்கழகத்தின் ரெக்கிறாப் ஆய்வுக்குழு, பெற்றோப்பிறாஸ் என்னும் அரசுசார் எண்ணெய் நிறுவனத்துக்கு வேண்டிய கருவிகளைத் தானே உருவாக்கியது. பொறியியலாளர் தரவுகளை உட்செலுத்துவதற்கென ஒன்றும், அறிக்கைகளை அமைப்பதற்கென ஒன்றுமாக இரு சிறுமொழிகள் முதலில் எழுந்தன. பின்னையதற்குப் போர்த்துக்கேய மொழியில் சூரியன் எனப் பொருள்படும் ‘சோல்’ என்பது பெயர். 1993இல் றொபேர்ட்டோ இயெருசலிம்ஸ்கி, லூயிஸ் என்றிக் டி பிகெய்றெடோ, வால்டெமார் செலெஸ் ஆகிய மூவரும் அவ்விரண்டிற்கும் பதிலாக ஒரே மொழியை ஆக்கி, அதற்குச் சந்திரன் எனப் பொருள்படும் லூவா என்னும் பெயரை இட்டனர்.

தாய்நிரலுக்குள் வாழ்வதற்கெனவே ஆக்கப்பட்டமையால், லூவாவில் சூழல் பற்றிய சிந்தனை ஆழமாக வேரூன்றியுள்ளது. 2011இல் வெளிவந்த 5.2ஆம் பதிப்பில், கோவையொன்றினுள் விளக்கம் பெறாது நிற்கும் எப்பெயரும், சூழல் எனும் பொருளுடைய ஆங்கிலச் சொல்லின் முதல் மூன்றெழுத்தாற் குறிக்கப்படும் ஓர் அட்டவணையின் உறுப்பாகவே கொள்ளப்படுகின்றது. தாய்நிரல் ஒரு கோவையை ஏற்றும்போது அவ்வட்டவணையையும் தானே கொடுக்கலாம். வெற்று அட்டவணையைக் கொடுத்தால் அக்கோவைக்கு உலகமே வெறுமையாகும். கூட்டல், பெருக்கல் போன்ற அடிப்படைச் செய்கைகளன்றிக் கோப்பைத் திறத்தலோ, பணிசெயல் முறைமையை அழைத்தலோ அதனால் இயலாது. அவற்றுக்குரிய பெயர்கள் அங்கு இல்லாமையே காரணம். பெயரை மறுத்தல் அதிகாரத்தை மறுத்தலாகும் என்னும் கோட்பாட்டை இவ்வமைப்பில் தெளிவாகக் காணலாம்.

4. சூழலை ஆளுதற்குரிய நெறிகள்

முதலாவது, இல்லாத பெயரைப் பற்றியது. கணக்காளர் ‘நாட்படி’ என்பதை ‘நாள்படி’ எனப் பிழையாக எழுதிவிட்டார் எனக் கொள்வோம். சூழலில் அப்பெயர் இல்லை. மொழி என்ன செய்தல் வேண்டும்? ஜெக்ஸ்ல் இதற்கு இரு நிலைகளை வழங்குகின்றது. கண்டிப்பான நிலையில் அது வழுவென அறிவித்து நின்றுவிடும். இளக்கமான நிலையில் இல்லாப் பொருளைப் பூச்சியமாகக் கொண்டு கணக்கைத் தொடரும். பின்னைய நிலை வசதியானதாகத் தோன்றும். ஆயின் ஊழியர் ஒருவரின் நாட்படி முழுவதும் ஓசையின்றி மறைந்துபோவதே அவ்வசதியின் விலையாகும். மக்களின் வருவாயைத் தொடும் கோவைகளுக்குக் கண்டிப்பான நிலையே தகும்.

இரண்டாவது, எஞ்சி நிற்கும் பெறுமானங்களைப் பற்றியது. ஆயிரம் ஊழியருக்கு ஒரே சூழலை மீண்டும் மீண்டும் பயன்படுத்தும் செய்நிரலில், ஒருவருக்கென இடப்பட்ட மேலதிகநேரம் அடுத்தவரின் கணக்கிலும் தங்கிவிடலாம். ஒரே நேரத்தில் பலருக்காக இயங்கும் சேவையகத்தில் இவ்வாபத்து மேலும் பெரிது. இருவரின் பெறுமானங்கள் ஒன்றோடொன்று கலந்துவிடும். இதற்குரிய தீர்வு, சூழலைப் படிநிலையாக அமைத்தலாகும். அனைவர்க்கும் பொதுவான பெறுமானங்கள் வாசிப்பதற்கு மட்டுமே உரிய மேற்சூழலில் இருத்தல் வேண்டும். ஒவ்வொரு கணிப்புக்கும் புதிய கீழ்ச்சூழல் ஒன்று தோன்றிக் கணிப்பு முடிந்ததும் மறைதல் வேண்டும். பெயரொன்று கீழே காணப்படாவிடின் மேலே தேடப்படும். எழுதுதல் மட்டும் கீழேயே நிகழும்.

மூன்றாவது, பெறுமானங்களின் இயல்பைப் பற்றியது. சூழலில் இடப்படும் பெறுமானம் வெறும் எண்ணாயின் தீங்கில்லை. ‘ஊழியர்’ என்னும் பெயரில் முழுப்பொருளொன்றை இட்டால், அப்பொருளின் வழியே தரவுத்தளத்துக்கும், அங்கிருந்து ஏனைய ஊழியர்களின் பதிவுகளுக்கும் செல்லும் வழி திறந்துவிடக்கூடும். கோவைக்கு வேண்டிய எண்ணை மட்டும் கொடுத்தலே சாலச் சிறந்தது.

5. நெறி தவறியதன் விளைவுகள்

மேற்கூறியவை செய்நிரலாளரின் உள்வீட்டு விவகாரங்கள் எனக் கருதுவோர்க்கு இரு நிகழ்ச்சிகளை எடுத்துக்காட்டல் பொருந்தும்.

றெடிஸ் என்னும் தரவுச் சேவையகத்தில் 2012 முதல் லூவா பொதியப்பட்டுள்ளது. பயனர் எழுதும் சிறு நிரல்கள் சேவையகத்தினுள்ளே இயங்கினும், அவை இயந்திரத்தின் ஏனைய பகுதிகளைத் தொடாதவாறு சூழல் குறுக்கப்பட்டிருந்தது. டெபியன் என்னும் விநியோகத்துக்காக இச்சேவையகத்தைப் பொதிசெய்தபோது, லூவா தனி நூலகமாக இணைக்கப்பட்டது. அவ்விணைப்பினால் மேலதிகப் பெயர்கள் சில சூழலுக்குள் வந்தன. அவற்றுள் ‘மொடியூல்’, ‘றிக்குவயர்’ என்னும் பெயர்கள் நீக்கப்பட்டன. ‘பக்கேஜ்’ என்னும் பெயர் எஞ்சிவிட்டது. அவ்வொரு பெயரின் வழியாக வெளி நூலகங்களை ஏற்றி, இயந்திரத்தில் விரும்பிய கட்டளைகளை இயக்க முடியும் என்பது 2022இல் வெளிப்பட்டது. நிறைந்த சூழலிலிருந்து தீயவற்றைக் கழித்துக்கொண்டு செல்பவர், ஒன்றை மறந்தாலும் அனைத்தையும் இழப்பார். வெற்றுச் சூழலில் வேண்டியவற்றை மட்டும் கூட்டிக்கொண்டு செல்பவர் ஒன்றை மறப்பின், கோவை இயங்காது நிற்கும், அவ்வளவே. இவ்விரு வழிகளுக்கும் இடையிலான வேறுபாட்டை இந்நிகழ்ச்சி நன்கு புலப்படுத்துகின்றது.

இரண்டாவது நிகழ்ச்சி இதனினும் பெரிது. இணையச் செய்நிரல்களை அமைப்பதற்குரிய ஸ்ரற்ஸ் 2 என்னும் சட்டகம் ஓ.ஜி.என்.எல். கோவை மொழியைத் தன்னுட் கொண்டது. வெளியார் அனுப்பும் வேண்டுகோளின் தலைப்பிலுள்ள உள்ளடக்க வகை பிழையாயிருப்பின், வழுச்செய்தி ஒன்று உருவாக்கப்படும். அச்செய்தியில் வெளியார் எழுதிய சொற்களும் சேர்க்கப்பட்டு, அவை கோவையாகவே பெறுமானங் காணப்பட்டன. அதாவது, உலகின் எம்மூலையிலிருந்தும் எவரும் கோவையை எழுதக்கூடியதாயிற்று. அக்கோவை எவற்றைத் தொடலாம், எவற்றைத் தொடலாகாது எனத் தீர்மானிக்கும் காவற்பொருளோ அதே சூழலினுள் எட்டக்கூடிய ஒரு மாறியாகவே இருந்தது. தாக்குவோர் எழுதிய கோவையின் முதற்பகுதி அக்காவல் மாறிக்குப் புதுப் பெறுமானம் இட்டுக் காவலை நீக்கியது. அடுத்த பகுதி கட்டளையை இயக்கியது. சிறைச்சாலையின் திறவுகோலைச் சிறைக்கூடத்தினுள்ளேயே தொங்கவிட்டமைக்கு இதனை ஒப்பிடலாம்.

இவ்வழு 2017 மார்ச்சில் வெளியிடப்பட்டுத் திருத்தமும் வழங்கப்பட்டது. திருத்தத்தை உரிய காலத்தில் ஏற்காத எக்குவிபக்ஸ் என்னும் அமெரிக்கக் கடன்தகவல் நிறுவனத்தினுள், அவ்வாண்டு மே மாதம் முதல் யூலை இறுதி வரை ஊடுருவல் நிகழ்ந்தது. ஏறத்தாழ 14 கோடியே 70 இலட்சம் மக்களின் பெயர், பிறந்த திகதி, சமூகப் பாதுகாப்பு இலக்கம் முதலிய விவரங்கள் வெளிச்சென்றன. அவர்களுட் பெரும்பாலோர் அந்நிறுவனத்துக்குத் தம் விவரங்களைத் தாமாகக் கொடுத்தவர்களல்லர். கடன் வழங்கிய நிறுவனங்கள் வழியாகவே அவை அங்கு திரண்டிருந்தன. 2019இல் அந்நிறுவனம் அமெரிக்க அரச அமைப்புகளுடன், 70 கோடி டொலர் வரை செலுத்துவதற்கு உடன்பாடு செய்தது. ஆயினும் வெளிச்சென்ற பிறந்த திகதியைத் திருப்பிப் பெறுதல் எத்தொகையாலும் ஆகாது.

6. கோவை சரி, பெறுமானம் பிழை

ஊடுருவல் எதுவுமின்றியே சூழல் தீங்கிழைக்கலாம் என்பதற்கு அவுஸ்திரேலியாவின் அனுபவம் சான்றாகும். அங்கு நலன்புரிக் கொடுப்பனவு, ஒவ்வோர் இருவாரத்திலும் ஒருவர் ஈட்டிய வருவாயைப் பொறுத்து அமைவது. ‘றோபோடெப்ற்’ எனப் பெயர்பெற்ற திட்டத்திலே, 2015 முதல், வரித்திணைக்களம் அறிந்த ஆண்டு வருவாய் 26 சம பங்குகளாகப் பிரிக்கப்பட்டு, ஒவ்வொரு பங்கும் இருவார வருவாயின் இடத்தில் வைக்கப்பட்டது. இங்கு உட்பொதி மொழி எதுவும் குற்றவாளியல்ல. ஆயினும் நாம் ஆராயும் நோய் இதுவே: கோவையிலுள்ள பெயருக்கு, அப்பெயர் குறியாத வேறொரு பெறுமானம் இடப்பட்டது. ஆண்டின் ஒரு பகுதியில் வேலை செய்து, வேலையற்ற பகுதியில் உதவி பெற்றோர், அரசுக்குக் கடனாளிகளாகக் காட்டப்பட்டனர். 2019 நவெம்பரில், அம்முறையாற் கணிக்கப்பட்ட கடன் ஒன்று சட்டப்படி செல்லாதெனக் கூட்டாட்சி நீதிமன்றம் ஒரு வழக்கில் ஆணையிட்டது. 2023இல் வெளிவந்த அரச ஆணைக்குழுவின் அறிக்கை இத்திட்டத்தைக் கடுமையாகக் கண்டித்தது.

இதனின்று நான்காவது நெறி ஒன்று பெறப்படுகின்றது. ஒரு கணிப்பின் விடையைச் சேமிக்கும்போது, கோவையையும் அக்கணத்துச் சூழலையும் உடன் சேமித்தல் வேண்டும். நாட்படி அன்று எவ்வளவாயிருந்தது, எத்திகதியில் எம்மூலத்திலிருந்து பெறப்பட்டது, வேலைநாள் என எவ்வெண் இடப்பட்டது என்பன பதிவில் இல்லாவிடின், ஆறு மாதத்தின் பின் முறையிட வரும் ஊழியருக்குக் கணக்கை மீளச் செய்து காட்ட இயலாது. ‘இன்று’ என்னும் பெயரைக் கூடச் சூழலே கொடுத்தல் வேண்டும். கோவை தானாகக் கடிகாரத்தை நோக்குமாயின், மறுநாள் அதே கோவை வேறு விடை தரும்.

நிறுவனங்கள் தம் விதிகளை வெளியிட்டுவிட்டு, யாம் ஒளிவுமறைவின்றி நடக்கின்றோம் எனக் கூறுவதுண்டு. சூத்திரத்தை மட்டும் வெளியிடுதல், சுட்டுப்பெயர்கள் நிறைந்த கடிதமொன்றைப் பொதுவிடத்தில் ஒட்டிவைத்தலை ஒக்கும். எல்லோரும் வாசிக்கலாம், எவருக்கும் விளங்காது. தன் வருவாயைப் பற்றியோ உரிமையைப் பற்றியோ கணனி வழங்கிய முடிவொன்றை எதிர்க்க விரும்பும் சாதாரண மனிதர், கோவையை மட்டுமன்றி, அதனுள் தம் பெயருக்கு நேரே எவ்வெண் இடப்பட்டது என்பதையும் கேட்டறியும் உரிமை உடையவராதல் வேண்டும். அவ்வினாவுக்கு விடை கூறத்தக்க வகையில் சூழலை அமைத்தல் செய்நிரலாளரின் கடமை. அவ்வினாவை எழுப்புதல் நம் அனைவரின் கடமையாகும்.